குளமா, காற்றூட்டலா, சவ்வா: சிறுநகரக் கழிவுநீருக்கு எந்த முறை?

ஒரு சிறிய நகராட்சி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடிவெடுத்ததும் மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் விலைப்புள்ளிதான். குளம் போதும் என்பார் ஒரு பொறியாளர். அதெல்லாம் பழைய முறை, எஸ்பிஆர் (ஒரே தொட்டியில் நேரம் பிரித்துச் சுத்திகரிக்கும் முறை) போடுங்கள் என்பார் இன்னொருவர். எம்பிஆர் (சவ்வால் வடிகட்டும் முறை) வைத்தால் தண்ணீர் கண்ணாடி போல வரும் என்பார் விற்பனையாளர். மூவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் மூவரும் நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். குழாயைவிட்டு வெளியே போன நீர் எந்த ஆற்றில், எந்த ஏரியில் சேர்கிறது, கோடையில் அங்கே எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒப்பிட வசதியாக ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 20,000. தலைக்கு 150 லிட்டர் கழிவுநீர், ஆக நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர், அதாவது 3,000 கன மீட்டர். தலைக்கு 45 கிராம் பிஓடி (அழுக்கை மக்கவைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) என்றால் நாளொன்றுக்கு 900 கிலோ, லிட்டருக்கு 300 மில்லிகிராம். மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஊருக்கானவை.

## எதை வைத்து எடைபோடுவது

நீர்த்தல். லிட்டருக்கு பிஓடி 20 மில்லிகிராம், தொங்கல் திடப்பொருள் (நீரில் கரையாமல் கலங்கலாக நிற்கும் துகள்கள்) 30 மில்லிகிராம் என்ற புகழ்பெற்ற வரம்பை பிரிட்டனின் ராயல் கமிஷன் 1912-ல் வகுத்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: ஒரு பங்கு கழிவுநீருக்குக் குறைந்தது எட்டுப் பங்கு சுத்தமான ஆற்றுநீர் ஓட வேண்டும். ஆற்றின் பிஓடி 2 என்றால் எட்டுப் பங்குக்கு 16, கழிவுநீரின் 20, மொத்தம் 36. ஒன்பதால் வகுத்தால் 4. ஆற்றில் அந்த 4-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. எண்கள் உலகெங்கும் பரவிவிட்டன, நிபந்தனையைத்தான் பல இடங்களில் மறந்துவிட்டார்கள்.

நம் ஊரின் கழிவுநீர் வினாடிக்கு சுமார் 35 லிட்டர். ஆற்றில் கோடையிலும் 280 லிட்டர் ஓடினால் 20 என்ற வரம்பு போதும். கோடையில் 35 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் கலந்த நீரின் பிஓடி 11 ஆகிவிடும். அதை 4-க்குள் வைக்க நிலையத்திலிருந்து 6-தான் வெளியே வரலாம். ஆறே வறண்டு போகும் ஊரில் நீங்கள் விடும் நீர்தான் ஆறு. ஆகவே மழைக்கால ஓட்டத்தையோ ஆண்டுச் சராசரியையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மிகக் குறைந்த ஓட்டம் உள்ள வாரத்தை வைத்துப் போடுங்கள்.

அம்மோனியா. அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பிஓடி 20 என்று தேர்ச்சி பெற்ற நீரில் 25 மில்லிகிராம் அம்மோனியா இருந்தால், அது ஆற்றிலிருந்து எடுக்கப் போகும் ஆக்சிஜன் லிட்டருக்கு 114 மில்லிகிராம். ஐந்து நாள் பிஓடி சோதனையில் இதில் பெரும்பகுதி தெரியவே தெரியாது. 25 டிகிரி வெப்பத்தில் தெளிந்த நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனே 8.3 மில்லிகிராம்தான் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

நச்சுத்தன்மையும் உண்டு. மீனைக் கொல்வது அயனியாகாத அம்மோனியா. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம்தான் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல், 8.5 ஆனால் சுமார் 15 சதவீதம். பாசி மண்டிய ஆற்றில் பிற்பகலில் பிஎச் ஏறும். காலையில் எடுத்த மாதிரியில் பாதுகாப்பாகத் தெரிந்த அதே அம்மோனியா மாலையில் மீனைக் கொல்வது இதனால்தான்.

பாஸ்பரஸ். நீர் ஏரியிலோ அணையிலோ போய்த் தேங்குமானால் இதுவே முதல் அளவுகோல். ஓடும் ஆற்றில் அடுத்த இடம் போதும்.

கிருமிகள். கீழே மக்கள் குளிக்கிறார்களா, குடிநீருக்கு எடுக்கிறார்களா, பயிருக்குப் பாய்ச்சுகிறார்களா என்பதைப் பொறுத்தது. கழிவுநீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் இருக்கலாம். 99 சதவீதம் நீக்கினாலும் லட்சத்தில் நிற்கும்.

இவை நான்கும் ஆற்றின் பக்கம். ஊரின் பக்கம் பார்க்க வேண்டியவை நிலம், மின்சாரம், இரவு ஷிப்டில் நிற்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆள், கசடு (சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு) போய்ச்சேரும் இடம். கடைசியில் சொன்னதற்குப் பதில் இல்லாமல் நிலையம் கட்டினால், இரண்டே வருடத்தில் அந்தக் கசடு ஏதோ ஒரு இரவில் ஆற்றுக்குத்தான் போகும்.

## நிலைப்படுத்தும் குளங்கள்

மூன்று வகைக் குளங்கள் வரிசையாக வரும். முதலில் 3 முதல் 4 மீட்டர் ஆழமுள்ள காற்றில்லாக் குளம். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 20 டிகிரி என்றால், ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் பிஓடி ஏற்றலாம். நம் ஊருக்கு 3,000 கன மீட்டர் போதும், ஒரே நாள் தங்கல். பிஓடியில் 60 சதவீதம் இங்கேயே குறையும். மீதி 360 கிலோ அடுத்த குளத்துக்குப் போகும். அது ஒன்றரை மீட்டர் ஆழம், மேலே பாசியும் அடியில் காற்றில்லா அடுக்குமாக இருக்கும். 20 டிகிரியில் ஹெக்டேருக்கு 253 கிலோதான் ஏற்றலாம் என்பதால் 1.4 ஹெக்டேர் வேண்டும். 25 டிகிரி என்றால் 350 கிலோ வரை ஏற்றலாம். குளிர்ந்த ஊர்களில் குளம் பெரிதாவது இதனால்தான். கடைசியில் ஒரு மீட்டர் ஆழத்தில் முதிர்வுக் குளங்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் மூன்று நாள். கரை, பாதை எல்லாம் சேர்த்து 5 முதல் 5.5 ஹெக்டேர், அதாவது பதின்மூன்று ஏக்கர் சொச்சம்.

கிருமி நீக்கத்தில் இயந்திர முறைகள் இதை எளிதில் எட்டாது. வெயில், பாசியால் 9-க்கு மேல் ஏறும் பிஎச், நீண்ட தங்கல் மூன்றும் சேர்ந்து பாக்டீரியாவைக் கொல்கின்றன. குடற்புழு முட்டைகள் தாமாகவே அடியில் படிந்துவிடும். குளோரின் இல்லாமலே பாசனத்துக்குத் தகுந்த நீர் கிடைக்கும். மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம். மின்வெட்டு ஒரு நாள் முழுக்க நீடித்தாலும் குளத்துக்கு ஒன்றும் ஆகாது.

மறைந்த செலவு பாசியில் இருக்கிறது. வெளியேறும் நீரில் தொங்கல் திடப்பொருள் 50 முதல் 100 வரை நிற்கும், பெரும்பாலும் பாசிதான். வடிகட்டிய மாதிரியில் பிஓடி 20 முதல் 30 வரும், வடிகட்டாமல் அளந்தால் இரட்டிப்பாகலாம். பாசி ஓடும் ஆற்றில் கலந்து நீர்த்துப்போனால் பெரிய கேடில்லை. தேங்கும் ஏரியில் அது செத்து மக்கும்போது ஆக்சிஜனை இழுக்கும், பாஸ்பரஸைத் திருப்பிக் கொடுக்கும். அம்மோனியா நீக்கமும் பருவத்துக்குப் பருவம் மாறும். அதை நம்பி உரிம வரம்புக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

கெடுவது எங்கே என்றால், நுழைவாயும் வெளிவாயும் நேரெதிரே காற்று வீசும் திசையில் அமைந்துவிட்டால் நீர் குறுக்குவழியில் ஓடிவிடும். ஏழு நாள் தங்க வேண்டிய நீர் ஒரே நாளில் வெளியே வந்துவிடும். மூலைக்கு மூலை வாய் வைத்து, நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினால் தீரும். ஆகாயத்தாமரையும் வாத்துப்பாசியும் மூடினால் வெளிச்சம் போய் இரண்டாம் குளம் நாற ஆரம்பிக்கும். நீர் ஊதாவோ இளஞ்சிவப்போ ஆனால் சுமை மிஞ்சிவிட்டது, கந்தக பாக்டீரியா வந்துவிட்டது என்று பொருள். கரையோரப் புல்லை வெட்டாமல் விட்டால் கொசு பெருகும். காற்றில்லாக் குளத்தை இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தூர்வார வேண்டும், அந்தச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே முதல் குளத்தைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். ஒன்றைத் தூர்வாரும்போது மற்றது ஓடும்.

## யுஏஎஸ்பியும் மெருகூட்டும் குளமும்

யுஏஎஸ்பி என்பது காற்றில்லாமல் இயங்கும் தொட்டி, அதில் கழிவுநீர் அடியிலிருந்து மேலே கசடுப் படுகை வழியாக ஏறும். எட்டு மணி நேரத் தங்கலுக்கு 1,000 கன மீட்டர் தொட்டி போதும். காற்றூட்டல் கிடையாது, கசடும் குறைவு. 20 டிகிரிக்கு மேல் பிஓடியில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். அதோடு நின்றுவிடும். வெளிவரும் நீரில் ஆக்சிஜன் இல்லை, சல்பைடு உண்டு, அம்மோனியா அப்படியே இருக்கும். தனியாக ஆற்றில் விடவே கூடாது. பின்னால் ஒரு குளமோ காற்றூட்டலோ கட்டாயம். குளம் என்றால் மொத்தம் 2.5 முதல் 3 ஹெக்டேர்.

மீத்தேனை விற்று நிலையத்தை நடத்தலாம் என்ற கணக்கை நம்பாதீர்கள். வீட்டுக் கழிவுநீர் நீர்த்தது, உண்டாகும் மீத்தேனில் நல்ல பங்கு கரைந்து நீரோடு போய்விடும். சல்பைடு கான்கிரீட்டையும் வாயுக் கூரையையும் அரிக்கும், பூச்சுச் செலவு திரும்பத் திரும்ப வரும்.

## நீட்டித்த காற்றூட்டல்

செயலூட்டிய கசடு முறை, அதாவது காற்றூட்டி வளர்த்த நுண்ணுயிர்க் கசடால் அழுக்கை நீக்கும் முறை, 1914-ல் மான்செஸ்டரில் பிறந்தது. அதன் மிக நிதானமான வடிவம் இது. காற்றூட்டும் தொட்டி 2,500 கன மீட்டர், இருபது மணி நேரத் தங்கல், எம்எல்எஸ்எஸ் (தொட்டியில் உள்ள கசட்டின் அடர்த்தி) லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் அளவில், கசடு வயது (கசடு தொட்டியில் தங்கும் காலம்) 15 நாளுக்கு மேல். நைட்ரிஃபை செய்யும், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், பாக்டீரியா மெதுவாக வளர்பவை. நீண்ட கசடு வயதில் அவை நிலைத்துவிடுவதால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே வரும், பிஓடி 10-க்கு அருகே. அரை ஹெக்டேர் நிலம் போதும். ஆற்றில் நீர்த்தல் குறைந்த ஊர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இயந்திரங்கள் எளியவை, எங்கு கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும், ஊர் மெக்கானிக்கே சரிசெய்யலாம்.

மின்சாரம் நாளொன்றுக்கு 1,500 முதல் 2,100 யூனிட். அம்மோனியாவை நீக்கத் தேவையான ஆக்சிஜன் மட்டுமே சுமார் 550 கிலோ. செலவைக் குறைக்க இரவில் ப்ளோயரை (காற்று ஊதும் இயந்திரத்தை) நிறுத்துவது பரவலான பழக்கம். அதன் விளைவு இரண்டு இடங்களில் தெரியும். தொட்டியில் ஆக்சிஜன் 2-க்குக் கீழே இறங்க இறங்க நைட்ரிஃபிகேஷன் தளரும், நின்றால் அம்மோனியா அப்படியே வெளியே போகும். கசடு படியும் படிதொட்டியில் நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக மாறிக் குமிழிகளோடு கசட்டுக் கட்டிகளை மேலே தூக்கிவரும். மின்சாரம் மிச்சமாக வேண்டுமானால், முன்பக்கம் காற்றில்லாத கலக்குப் பகுதி ஒன்று வைத்து நைட்ரேட் நீரை அங்கே திருப்பிவிடுங்கள். ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்கு 2.86 கிராம் ஆக்சிஜன் மிச்சம்.

அதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது 7.14 கிராம் காரத்தன்மை (பிஎச் இறங்காமல் தாங்கும் திறன்) செலவாகிறது. 40 மில்லிகிராமை மாற்ற லிட்டருக்கு 286 மில்லிகிராம் காரத்தன்மை வேண்டும். மென்னீர் உள்ள ஊர்களில் அவ்வளவு இருக்காது. பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கி, ப்ளோயர் முழு வேகத்தில் ஓடினாலும் அம்மோனியா குறையாது. ஆபரேட்டர் காற்றைக் கூட்டிக்கொண்டே இருப்பார், பில்தான் ஏறும். நைட்ரேட்டைத் திருப்பிவிட்டால் இழந்த காரத்தன்மையில் பாதி வரை திரும்பக் கிடைக்கும்.

ஆற்றுக்கு உண்மையான ஆபத்து கசடை வெளியேற்றாமல் விடுவது. நாளொன்றுக்கு 500 முதல் 600 கிலோ உலர் கசடு உருவாகும். பிழிந்தெடுத்த ஈரக் கட்டியாக இரண்டரை முதல் மூன்று டன். உலர் படுகை நிரம்பிவிட்டது, லாரி வரவில்லை என்று வெளியேற்றாமல் விட்டால் எம்எல்எஸ்எஸ் 6,000, 7,000 என்று ஏறும். படிதொட்டியில் கசட்டுப் படுகை மேலே மேலே வரும். ஒரு பெருமழை இரவில் நீர்வரத்து இரட்டிப்பாகும்போது அது விளிம்பைத் தாண்டி ஆற்றில் கொட்டும். 3,500 அடர்த்தியில் 100 கன மீட்டர் வழிந்தாலே 350 கிலோ திடப்பொருள். ஒழுங்காக ஓடும் நாளில் லிட்டருக்கு 10 என்ற கணக்கில் வெளியே போவது 30 கிலோதான். பதினோரு நாளின் அழுக்கு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கும் மாதிரியில் நீர் தெளிவாகவே இருக்கும்.

இதை முன்கூட்டியே காட்ட ஒரு லிட்டர் அளவு ஜாடி போதும். காற்றூட்டும் தொட்டி நீரை நிரப்பி முப்பது நிமிடம் அசையாமல் வையுங்கள். கசடு 300 மில்லிலிட்டருக்கு இறங்கி, எம்எல்எஸ்எஸ் 3,500 என்றால் எஸ்விஐ (ஒரு கிராம் கசடு பிடிக்கும் இடம், மில்லிலிட்டரில்) 86, நல்ல கசடு. அதே அடர்த்தியில் 700-லேயே நின்றால் 200. இழைப் பாக்டீரியா பெருகிவிட்டது. ஆக்சிஜன் குறைவா, எண்ணெய் வருகிறதா, சத்துச் சமநிலை கெட்டதா என்று அன்றே தேட வேண்டும்.

## எஸ்பிஆர்

அதே உயிரியல்தான், ஒரே தொட்டியில் நேரம் பிரித்து நடக்கிறது: நிரப்பு, காற்றூட்டு, படியவிடு, மேல்நீரை வடி. தனிப் படிதொட்டி வேண்டாம், நிலம் இன்னும் குறையும். காற்று நிற்கும் நேரத்திலேயே நைட்ரேட் நீங்கும். சுழற்சியைச் சரியாக அமைத்தால் பாஸ்பரஸையும் உயிரியல் முறையில் ஓரளவு இறக்கலாம். ஏரிக்குப் போகும் நீருக்கு இது நல்ல தேர்வு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் உறுதியாக வேண்டுமென்றால் கூடவே ஃபெரிக் குளோரைடோ படிகாரமோ சேர்க்க ஏற்பாடு வையுங்கள். அதனால் கசடு கூடும், காரத்தன்மை குறையும்.

விலைப்புள்ளியில் வராத செலவு ஒன்று உண்டு. இரண்டு தொட்டி, நான்கு மணி நேரச் சுழற்சி என்றால் ஒவ்வொரு தடவையும் 250 கன மீட்டர் ஒரே மணி நேரத்தில் வெளியே வரும். சராசரி ஓட்டம் மணிக்கு 125. அதற்குப் பின்னால் உள்ள வடிகட்டி, கிருமிநீக்கம் எல்லாவற்றையும் இரட்டை அளவில் கட்ட வேண்டும். அல்லது நடுவே ஒரு சமன்செய்யும் தொட்டி வேண்டும்.

முழு நிலையமும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் கையில். பிஎல்சி (அந்தப் பெட்டியில் உள்ள தானியங்கிக் கணினி) கெட்டால், டிகான்டர் (மேல்நீரை வடிக்கும் கருவி) பாதி வழியில் சிக்கிக்கொண்டால், கசடே வடிந்து வெளியே போகும். பிஎல்சி நிரலும் கடவுச்சொல்லும் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையால் இயக்கும் வழியையும் ஆபரேட்டர்கள் பழகியிருக்க வேண்டும்.

## எம்பிஆர்

படிதொட்டிக்குப் பதில் சவ்வு. அதன் துளை ஒரு மைக்ரானில் சிறு பங்கே. எம்எல்எஸ்எஸ் 8,000 முதல் 12,000 வரை வைக்கலாம், கால் ஹெக்டேரில் முடிந்துவிடும். பிஓடி 5-க்குக் கீழே, திடப்பொருள் ஏறக்குறைய இல்லை, பாக்டீரியா பெருமளவு நிற்கும். நீரை மறுபடி பயன்படுத்தப் போகிறீர்கள், அதற்கு ஒருவர் பணம் கொடுக்கிறார் என்றால் இதைப் பரிசீலியுங்கள்.

நாளொன்றுக்கு 2,400 முதல் 3,600 யூனிட் மின்சாரம். சவ்வின் பரப்பு மணிக்கு, சதுர மீட்டருக்கு 18 லிட்டர் என்று கொண்டால் சுமார் 7,000 சதுர மீட்டர். சராசரி ஓட்டத்துக்கு மட்டும் இது. காலை நேர உச்சத்துக்குச் சமன்செய்யும் தொட்டி இல்லாவிட்டால் இன்னும் வேண்டும். எட்டுப் பத்து வருடத்தில் சவ்வு முழுவதையும் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை முதல் வருடத்திலிருந்தே ஒதுக்க வேண்டும். முடியும் நாரும் உள்ளே போனால் சவ்விழைகளைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும். ஆகவே 1 முதல் 3 மில்லிமீட்டர் நுண்சல்லடை கட்டாயம், அதில் சிறு கிழிசலும் இருக்கக் கூடாது. படிதொட்டி மோசமாக ஓடினாலும் நீரை வெளியே விடும். அடைத்த சவ்வு விடாது, கழிவுநீர் பின்வாங்கிச் சாக்கடையில் பொங்கும். மாற்றுப்பாதையைத் திறந்துவிட்டால் சுத்திகரிக்காத நீர் ஆற்றுக்குப் போகும்.

## ஒரே பார்வையில்

| முறை | நிலம் (ஹெக்டேர்) | மின்சாரம் (யூனிட்/நாள்) | அம்மோனியா | கிருமி நீக்கம் | எளிதில் கெடும் இடம் |
|---|---|---|---|---|---|
| குளங்கள் | 5–5.5 | மிகக் குறைவு | பருவத்தைப் பொறுத்தது | மிக நன்று | குறுக்கோட்டம், தூர்வாராமை |
| யுஏஎஸ்பி + குளம் | 2.5–3 | குறைவு | பலவீனம் | நன்று | அரிப்பு, சல்பைடு |
| நீட்டித்த காற்றூட்டல் | 0.5 | 1,500–2,100 | மிக நன்று | தனியாக வேண்டும் | கசடு வெளியேற்றம் |
| எஸ்பிஆர் | 0.3–0.5 | ஏறக்குறைய அதே | மிக நன்று | தனியாக, இரட்டை அளவில் | டிகான்டர், பிஎல்சி |
| எம்பிஆர் | 0.2–0.3 | 2,400–3,600 | மிக நன்று | மிக நன்று | சல்லடை, சவ்வு அடைப்பு |

நாணல் நட்ட சரளைப் படுகையில் நீரை வடியவிடும் நாணற்படுகைகள் அட்டவணையில் இல்லை. செங்குத்துப் பாய்ச்சல் வகைக்கே தலைக்கு 1.5 முதல் 2 சதுர மீட்டர் வேண்டும், 20,000 பேருக்கு 3 முதல் 4 ஹெக்டேர் மணலும் சரளையும். ஆயிரம் இரண்டாயிரம் பேர் உள்ள குடியிருப்புக்கு அருமையான முறை. முன்னால் உள்ள படிதொட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் சரளை அடைத்துக்கொள்ளும், பிறகு முழுவதையும் தோண்டிக் கழுவ வேண்டும்.

## குளோரினை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள்

அம்மோனியா நீங்காத நீரில் குளோரின் போட்டால் அது குளோரமைனாக மாறும். மீனுக்கு அது நஞ்சு. அம்மோனியாவைக் கடந்து தனிக் குளோரின் நிற்க எட்டு முதல் பத்து மடங்கு போட வேண்டும். 25 மில்லிகிராம் அம்மோனியா உள்ள நம் ஊருக்கு நாளொன்றுக்கு 600 கிலோவுக்குக் குறையாது. யாரும் அவ்வளவு போட மாட்டார்கள். புற ஊதா விளக்கு நல்லதுதான், ஆனால் திடப்பொருள் 10-க்கு அருகே இருந்தால்தான் ஒளி ஊடுருவும். பாசி நிறைந்த குளநீரில் அது பயன்படாது. கிருமிநீக்கம் எளிதாக வேண்டுமானால் அதற்கு முந்தைய படியில் அம்மோனியாவும் கலங்கலும் போயிருக்க வேண்டும்.

## எந்த ஊருக்கு எது

பதின்மூன்று ஏக்கர் நிலமும் வெயிலும் இருந்து, நீர் பாசனத்துக்கோ நன்கு ஓடும் ஆற்றுக்கோ போனால் குளங்கள்தான். அதைவிட நாகரிகமாகத் தெரியும் எதற்காகவும் அதைக் கைவிட வேண்டாம். நிலம் பாதிதான் இருக்கிறது, ஊர் வெப்பமானது, ஆற்றில் நல்ல நீர்த்தல் உண்டு என்றால் யுஏஎஸ்பியும் குளமும் பொருந்தும். கோடையில் வற்றும் ஆறு, மீன்பிடி, கீழே குடிநீர் எடுப்பு என்றால் நைட்ரிஃபிகேஷன் இல்லாத எதையும் ஏற்கக் கூடாது. அங்கே நீட்டித்த காற்றூட்டலும், ப்ளோயரை ஓட்டும் அளவுக்கு ஜெனரேட்டரும் வேண்டும். ஏரிக்குப் போகும் நீர், திறமையான ஆபரேட்டர்கள், அருகிலேயே பழுதுபார்க்கும் ஆள் மூன்றும் இருந்தால் எஸ்பிஆர். எம்பிஆர் நீரை வாங்க ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும். வாங்க ஆளில்லாமல் ஆற்றில் விடுவதற்காக அதைக் கட்டும் பணத்தில் பாதியைச் சாக்கடை இணைப்புக்குக் கொடுத்தால் ஆற்றுக்கு அதிக நன்மை. இணைப்பில்லாத வீடுகளின் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

எதைக் கட்டினாலும், உரிமத்துக்கான காலை நேர ஒற்றை மாதிரியை நம்பி இருக்காதீர்கள். வெளியேறும் நீரை 24 மணி நேரக் கலவை மாதிரியாக எடுங்கள், பிஓடியோடு அம்மோனியாவையும் அளக்கச் சொல்லுங்கள். ஆற்றில் குழாய்க்கு மேலே ஓர் இடம், நீர் முழுதாகக் கலந்த பிறகு ஓர் இடம், அதற்கும் கீழே சில கிலோமீட்டரில் ஓர் இடம் என்று மூன்று இடங்களில் கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டு முடித்திருக்கும் அந்த நேரத்தில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். ஆக்சிஜன் பள்ளம் குழாய் வாயில் இருக்காது, கீழே தள்ளித்தான் விழும் என்பதால் மூன்றாவது இடத்தை விட்டுவிடாதீர்கள்.